வெங்கிடி கேட்ட மன்னிப்பு

இன்று மட்டாஞ்சேரி சாயாக்கடையில் வெங்கிடியைப் பார்த்தேன். மேடையில் ஆட்களைக் கேலி செய்தே பெரிய ஆளானவன். பள்ளியில் அவன் முதலில் கேலிக்குப் பிடித்தது என் அகலக் காதுகளைத்தான்.

"பாத்துப் போடா, கதவுல காது இடிக்கும்" என்பான். வகுப்பே சிரிக்கும்.

அந்த வரியோடு அவன் துபாய் வரை போனான். நான் காதுகளோடு இங்கேயே இருந்தேன்.

போன மாதம் யாரோ புகார் கொடுக்க, சேனல் அவன் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் மன்னிப்புக் கேட்கிறானாம்.

என்னைக் கண்டதும் எழுந்து கைகூப்பினான். "சேட்டா, எப்பவாவது மனசு நோக வெச்சிருந்தா க்ஷமிக்கணும்."

முப்பத்தைந்து வருடமாக நான் காத்திருந்த சொல்.

"என்னை ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இல்லையே சேட்டா. எல்லார்கிட்டயும் சொல்றதுதான்."

பக்கத்தில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தவரிடமும் அதையே சொன்னான்.

"சரி, க்ஷமிச்சாச்சு" என்று எழுந்தேன். வாசலை அடைவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சேட்டா, பாத்துப் போங்கோ, கதவுல காது இடிக்கும்."

கடையே சிரித்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

முன்கூட்டியே கேட்ட மன்னிப்பு இதற்கும் செல்லுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.