நர்சம்மா குனிந்த படம்

கிள்ளையில் ஐஸ் கம்பெனி கட்டியவன் நான். மூன்று இடத்தில் போர் போட்டு மூன்றிலும் உப்புத் தண்ணீர் வந்தது. ஊரே சிரித்தது. நான்காவதில் நல்ல தண்ணீர் எடுத்துக் காட்டினேன். கடலூர் முதுநகரில் இன்னொன்று கட்டினேன். ஐஸ் வண்டி மூன்று ஓட விட்டேன். அக்கரையில் இருக்கிற தாழந்திட்டில் படகை விட்டு இறங்கினால் முழங்கால் சேறு. அங்கே பலகை போட்டுத் துறை அமைத்ததும் நான்தான். மாடி வீடு கட்டினேன். இத்தனையும் செய்தவன் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. கடைசியாக ஒரு எம்.எல்.ஏ.வையும் உண்டாக்கினேன். இந்த ஒன்றை மட்டும் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

போன வாரம் கூரியரில் ஒரு மலர் வந்தது. அந்த எம்.எல்.ஏ. தனபாக்கியம் அம்மா காலமாகி ஒரு வருஷம் ஆனதற்காகக் கட்சிக்காரர்கள் போட்ட நினைவு மலர். வழவழவென்று தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்ததில் இரண்டு நாள் போயிற்று. என் பெயர் எங்கேயும் இல்லை. சரி, விடுங்கள், அது எனக்குப் பழக்கம். ஆனால் இரண்டு இடத்தில் தப்பு இருக்கிறது. ஒன்று, "மக்களின் அழைப்பை ஏற்று அரசுப் பணியைத் துறந்தார்" என்று எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று ஒரு படம். குடிசை வாசலில் நிறைமாதக்காரி ஒருத்தி நிற்கிறாள். அம்மா அவள் காலடியில் குனிந்திருக்கிறார். கீழே, "வாக்காளரின் பாதம் பணிந்த தலைவி."

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு அம்மோனியா நெடி அடித்தது. நம்ப மாட்டீர்கள். ஐஸ் கம்பெனிக்குள் ஒரு தடவை போனவருக்கு அந்த நெடி மூக்கை விட்டுப் போகாது. அந்த நெடிக்குள்தான் அம்மா முதல் தடவை என்னிடம் வந்து நின்றார்.

அப்போது அவர் எங்கள் துணை சுகாதார நிலையத்துக் கிராம நர்ஸ். புயல் அடித்து நான்கு நாளாகக் கரண்ட் இல்லை. என்னிடம் ஜெனரேட்டர் இருந்தது. நீலப் பெட்டி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, புதன்கெழம புள்ளைங்களுக்கு ஊசி போடணும். பொட்டிக்கு ஐஸ் குடுங்க."

"மீனுக்குப் போடுற ஐஸும்மா இது."

"மருந்துக்குத் தெரியவாப் போவுது?" என்று சிரித்தார். நான் ஐஸை உடைத்து அப்படியே மருந்து மேல் கொட்டப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். "ஐயோ, நேரா பட்டா சில மருந்து உறைஞ்சு வீணாப் போயிடும்ணே. பையில கட்டி ஓரமா வைங்க." ஐஸில் எனக்கே பாடம் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதற்கப்புறம் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புதன்கிழமை காலையில் ஒரு பை தயாராக இருக்கும். என் படகிலேயே தாழந்திட்டுக்கும் கூட்டிப் போவேன்.

போகிற இடத்தில் அவர் ஒரு வேலை செய்வார். பிள்ளைத்தாய்ச்சி யாரைப் பார்த்தாலும் உட்கார்ந்து, கட்டைவிரலால் அவள் கால் மேல் அழுத்துவார். விரலை எடுத்ததும் குழி தூர்ந்துவிட்டால் சரி. குழி அப்படியே நின்றால் அது நீர் வீக்கம். உடனே பிரஷர் பார்ப்பார். ஏடு, பேனா எல்லாம் அதற்கப்புறம்தான்.

அந்தச் சனம் அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கட்சிக்காரர்கள் பெண் வேட்பாளர் தேடிக்கொண்டிருந்தார்கள். நானே போய்ச் சொன்னேன். பிறகு ஐஸ் உடைக்கிற மேடையில் உட்காரவைத்து அம்மாவிடம் பேசினேன்.

"எனக்கு எதுக்குண்ணே அதெல்லாம்? நான் போயிட்டா புதன்கெழம யாரு வருவா?"

"வேற ஆளு போடுவாங்கம்மா. நீ அங்க போய் உக்காந்தா பத்து நர்ஸு கொண்டாரலாம்."

"போடுவாங்களா?"

"நான் சொல்றன் இல்ல?"

மலர் சொல்கிற மக்களின் அழைப்பு இதுதான். மேடையில் நாங்கள் இரண்டு பேர். ஐஸ் உடைக்கிற என் ஆள் முருகேசன் பக்கத்தில் இருந்தான். மெஷின் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ராஜினாமா ஏற்கப்பட்ட உத்தரவு கையில் இல்லாமல் மனுத் தாக்கல் செய்ய முடியாது என்றார்கள். கடலூருக்கு நான்தான் கடிதத்தைக் கொண்டு போனேன். மூன்று நாள் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்தேன். என் சட்டையில் மீன் நாற்றம் தாங்காமல் சீக்கிரம் கையெழுத்து போட்டார்கள் என்று பிற்பாடு நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஓட்டுக் கேட்கப் போன இடத்திலும் அவர் பழக்கம் போகவில்லை. கும்பிடுவதற்கு முன்னால் காலைப் பார்ப்பார். எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன் டீக்கடையில் கத்தினான்: "பாருங்கடா, ஓட்டுக்காகப் பொம்பளைங்க கால்ல உழுவுது!" எங்கள் ஆட்களுக்கும் விஷயம் தெரியாது. "உழுவட்டும் மச்சான், நல்லா எடுபடுது" என்று படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் மலரில் இருக்கிறது.

படத்தில் நிற்கிறவள் செல்லக்கிளி. முருகேசனின் பெண்டாட்டி. அன்றைக்குக் குழி நின்றது. அம்மா நிமிர்ந்து, "அண்ணே, வண்டிய எடுங்க" என்றார். பிரச்சாரத்தை அப்படியே விட்டுவிட்டு, ஐஸ் வண்டியில் சாக்கை விரித்து, சிதம்பரத்துக்குக் கொண்டு போனோம். பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் தப்பித்தார்கள். கட்சிக்காரர்கள் அரைநாள் வீணாகிவிட்டது என்று முணுமுணுத்தார்கள். அம்மா ஜெயித்தார்.

ஜெயித்து நிறையச் செய்தார், மறைக்க மாட்டேன். தாழந்திட்டுக்குப் பாலம் வந்தது. ஆனால் துணை நிலையத்துக்கு ஆள் வரவில்லை. அம்மா போட்ட மனு ஒவ்வொரு மேசையாகப் போய்க்கொண்டே இருந்தது. புதன்கிழமை நான் கட்டிவைத்த ஐஸ் பை இரண்டு மூன்று வாரம் அப்படியே கரைந்தது. அப்புறம் கட்டுவதையே நிறுத்திவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்துச் செல்லக்கிளி மறுபடி பிள்ளை உண்டானாள். ஒரு மத்தியானம் முருகேசன் ஓடிவந்தான். "மாமா, அவளுக்குக் கை காலெல்லாம் இழுக்குது மாமா!" அதே வண்டி, அதே சாக்கு. புவனகிரி வழியாகப் போனால் சுற்று என்று நேர்வழியில் விரட்டினேன். சிதம்பரத்துக்குள் நுழையும்போது முருகேசன் பின்னாலிருந்து வண்டியைத் தட்டினான். நிறுத்தினேன். அதற்கப்புறம் ஓட்ட வேண்டிய அவசரம் இருக்கவில்லை. வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது.

அம்மா சாவு வீட்டுக்குக் கொடி கட்டிய காரில் வந்தார். மாலையை ஓரமாக வைத்துவிட்டு, மாதாமாதம் நர்ஸ் பார்த்துக் குறிக்கிற அவளுடைய தாய் அட்டையைக் கேட்டார். கடைசி நான்கு மாதத்துக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அப்புறம் உட்கார்ந்து, துணியை விலக்கி, செத்தவள் காலை அழுத்தினார். விரலை எடுத்தார். எல்லோரும் காலில் விழுந்து அழுகிறார் என்று நினைத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். குழி அப்படியே இருந்தது.

என்னைப் பார்த்து ஒன்றுதான் சொன்னார். "ஆளு போடுவாங்கன்னு சொன்னீங்களேண்ணே."

அதற்கப்புறம் சட்டசபை இல்லாத புதன்கிழமைகளில் அம்மாவே அந்தத் துணை நிலையத்தில் போய் உட்கார்ந்தார். வாசலில் காரும் போலீஸும் நிற்க, உள்ளே பிரஷர் மெஷினோடு ஒரு எம்.எல்.ஏ. ஆறு மாதத்தில் அதற்கு ஆள் போட்டார்கள். இதை மலரில் ஒரு வரி எழுதவில்லை. அம்மா இரண்டு தடவை ஜெயித்தார், மூன்றாவது தடவை தோற்றார். அதை மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது என் ஐஸ் கம்பெனி இல்லை. இடித்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. பாலம் வந்த பிறகு படகுத்துறைப் பலகைகளை யாரோ விறகுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். முருகேசனும் இல்லை. செல்லக்கிளியின் மகள் சிதம்பரத்தில் துணிக்கடையில் நிற்கிறாள். மலரை எடுத்துப்போய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "எங்கம்மா படம் வேற ஒண்ணும் இல்ல தாத்தா. வெள்ளத்துல போயிடுச்சு. இதுல வாக்காளர்னு போட்டுருக்காங்க" என்றாள்.

மலரின் கடைசிப் பக்கத்தில், இரண்டாம் அச்சு வருகிறது, திருத்தம் இருந்தால் எழுதி அனுப்புங்கள் என்று இருக்கிறது. அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். படத்துக்குக் கீழே செல்லக்கிளி என்று போடுங்கள். அம்மா பாதம் பணியவில்லை, வீக்கம் பார்க்கிறார் என்று போடுங்கள். "மக்களின் அழைப்பை ஏற்று" என்பதை எடுத்துவிடுங்கள். மக்கள் யாரும் அழைக்கவில்லை. மக்களுக்கு அவர் புதன்கிழமை வந்தால் போதுமாக இருந்தது. அழைத்தவன் நான். ஆள் போடுவார்கள் என்று வாக்குக் கொடுத்தவனும் நான். அந்த இடத்தில் என் பெயர் வர வேண்டும். பொடி எழுத்தில் போடக் கூடாது.