தாணு பிள்ளையின் தள்ளாத கார்

"என் கார் உள்ள காலம் மட்டும் அதன் முதுகில எவன் கையும் படாது. இதுக்குத் தள்ள ஆளும் வேண்டாம், தள்ளையும் வேண்டாம்!"

1936இல், கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கிழக்கேகோட்டை வாசலில் தேங்காய் உடைத்த கையோடு இப்படி முழங்கினார் சாலைக்கடைச் சந்தையின் இரும்பு வியாபாரி தாணு பிள்ளை. நாஞ்சில் நாட்டுப் பேச்சில் தள்ளை என்றால் தாய். சிலேடை புரிந்தவர்கள் சிரித்தார்கள். பின்சீட்டில் இருந்த தள்ளை சரஸ்வதியம்மாள் மட்டும், "எலே, வாயைக் கழுவு" என்றாள்.

புத்தம்புது அமெரிக்கக் கார். எஞ்சினை மூடும் பானட்டின் இடுக்கில் சந்தனமும் குங்குமமும் அப்பி, அதை உடைத்துத் திறந்தால் திருஷ்டி என்று பிள்ளை ஒரு சாஸ்திரம் செய்தார். உள்ளே எண்ணெய் இருக்கிறதா பார்க்கட்டுமா என்று கேட்ட டிரைவர் திரவியத்துக்கு அன்றே சீட்டுக் கிழிந்தது. பிறகு தானே ஓட்டினார். வெள்ளி தோறும் புதுச் சந்தனம் உண்டு. எண்ணெய் ஒரு சொட்டுக் கிடையாது.

ஊரார் கார்களின் ஜாதகம் பார்ப்பதும் அவர் பொறுப்பே. தைக்காட்டு டாக்டரின் இத்தாலிக் கார் மாமரத்தடியில் படுத்துவிட்டது. கோழி அதில் முட்டையிட்டது. "பலன் தரும் வண்டி" என்றார். கரமனை வக்கீல் வெங்கடேஸ்வரனிடம் இருந்தது பழைய இங்கிலீஷ் கார். ஞாயிறு வந்தால் வக்கீல் பானட்டுக்குள் தலையை விட்டு, கரி முகத்தோடு வெளியே வருவார். வண்டி இருமும், ஆனால் போகும். "சாமி, அதுக்கு க்ஷயம். தர்மாஸ்பத்திரியில சேத்துவிடும்" என்று பிள்ளை நடுவீதியில் வைத்துச் சொல்வார்.

இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு காலை, சரஸ்வதியம்மாளுக்கு நெஞ்சுவலி. பின்சீட்டில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார் பிள்ளை. தேங்காய் உடைத்த அதே கோட்டை வாசலில் எஞ்சின் கடகடத்தது, புகைந்தது, நின்றது.

பின்னாலேயே இருமிக்கொண்டு வந்து நின்றது வக்கீல் கார்.

"பிள்ளைவாள், அம்மாவை இதுல ஏத்துங்கோ."

சாலைக்கடை முழுக்க வேடிக்கை பார்த்தது. "அந்தக் க்ஷயரோகியிலா? நீரு போவும் சாமி. என் எஞ்சின் இப்பம் பிடிச்சிரும்."

"எலே தாணு," என்றாள் தாய், "போய்ச் சேர்ந்தாப் போரும் மக்கா. இருமினா இருமட்டும்."

"ஒரு சுத்து, அம்மா. ஒரே சுத்து."

முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினார். அது அசையவில்லை. அதன்மேல் ஏறி நின்று குதித்தார். வேர்த்து, வைது, மறுபடி தொங்கினார். வக்கீல் பின்சீட்டில் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளைவாள், இனிமே சுத்த வேண்டாம்."

கோயில் காவலாள் ஓடி வந்தான். "பிள்ளே, கோயில் வழியில சவம் கிடக்கப்படாது. வண்டியை வேகம் இங்கேருந்து மாற்றணும்!"

கூட்டம் பக்தியோடு பின்வாங்கியது. தீட்டு வண்டியைத் தொட்டு, இன்னொரு தரம் குளிக்க அன்று யாருக்கும் நேரமில்லை. உயிரோடு ஏற்றிக்கொள்ள வந்த வக்கீலும், கோயிலுக்கென்று கட்டிய வேட்டியைப் பார்த்துக்கொண்டு ஓரடி விலகினார்.

தாணு பிள்ளை ஹாண்டிலைக் கீழே வைத்தார். காரின் பின்பக்கம் போனார். அதன் முதுகில் இரண்டு கையையும் ஊன்றி, தலை குனிந்துகொண்டு, தள்ளினார்.