சிவப்புக்குச் சிவப்பு

பூந்தமல்லியில் பரந்தாமனின் பஸ் ஷெட்டில் ஆறு பஸ், இரண்டு மெக்கானிக், ஒரு குப்பம்மா. குப்பம்மாவைக் கடைசியில் சொல்கிறேனே தவிர, காலையில் ஆறு பஸ்ஸும் முக்காமல் முனகாமல் கிளம்பினால் அது அவள் கைராசி என்று டிரைவர்களே ஒத்துக்கொள்வார்கள்.

திருமழிசைப் பக்கம் அடுத்தவர் வயலில் களை பிடுங்கியே வளர்ந்தவள் அவள். யுத்தம் நடந்த காலத்தில் ஷெட் பெருக்குகிற வேலைக்கு வந்தாள். பெருக்குகிறவள் பெருக்கிவிட்டுப் போகவேண்டியதுதானே? போகமாட்டாள். பாட்டரிகளுக்குத் தண்ணீர் விடக் கற்றுக்கொண்டாள், பச்சை பூத்த முனைகளைச் சோடா உப்புப் போட்டுக் கழுவக் கற்றுக்கொண்டாள். யாரும் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆசிட் தெறித்துச் சேலையெல்லாம் சல்லடையாகிவிட்டது. கேட்டால், காத்து வரட்டும் என்று ஜன்னல் வைத்திருக்கிறேன் என்பாள்.

பாட்டரியின் மேல் அச்சடித்த கூட்டல் குறி ஆசிட் பட்டு அழிந்துபோகும். அதனால் ஒரு முனைக்குச் சிவப்புப் பெயிண்ட், மற்றதற்குக் கறுப்பு. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு: ஷெட்டில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு அதன்படி நடப்பார்கள். வம்பு அங்கேதான் வந்தது.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது பரந்தாமன் ஒரு சார்ஜர் பெட்டி வாங்கிப் போட்டார். அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நாலு தகட்டு வரிசைகள். கம்பத்திலிருந்து வரும் கரண்ட் முன்னும் பின்னுமாக ஆடும். அதை ஒரே பக்கமாகத் திருப்பி பாட்டரிக்குள் அனுப்புவது தகடுகளின் வேலை. முன்னே போக விடும், திரும்ப விடாது. ஒவ்வொரு வரிசையின் ஒரு நுனியிலும் சிவப்புப் பொட்டு உண்டு. வேலை செய்யும்போது தகடுகள் சூடாகும். அந்தச் சூடு வெளியேறப் பெட்டியின் தலையில் வட்ட வட்டமாகத் துளைகள். அந்த இதமான சூட்டைப் பார்த்து, பெரிய மெக்கானிக் தேவராஜ் மழைக்காலம் முழுக்கத் தன் காக்கிக் கோட்டை அதன் மேலேதான் உலர்த்துவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு, ஐப்பசி மாதம். அடைமழை. குப்பம்மா காலையில் வந்தபோது அழுகின முள்ளங்கி நாற்றம் மூக்கைத் துளைத்தது. பெட்டி நின்றுபோயிருந்தது. பியூஸ் போட்டால் போட்டவுடன் போயிற்று. மூன்று பஸ்ஸின் பாட்டரிகள் காலி. சந்தை நாள் வேறு.

தேவராஜ் தகட்டு வரிசைகளைக் கழற்றி மேஜைமேல் பரப்பினான். ஒரு பாட்டரி, பஸ்ஸின் பின்பக்கத்துச் சின்ன பல்ப் ஒன்று, இரண்டு ஒயர். பாட்டரியின் சிவப்பிலிருந்து பல்ப் வழியாக ஒயரை இழுத்துத் தகட்டின் சிவப்பு நுனியில் வைத்தான். மறு நுனியைப் பாட்டரியின் கறுப்போடு சேர்த்தான். பல்ப் எரிந்தால் தகட்டுக்குள் கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம். அடியில் இருந்த மூன்று வரிசைகளிலும் பல்ப் எரியவில்லை. உச்சியில் இருந்ததில் மட்டும் பளிச்சென்று எரிந்தது.

அவனுக்கு அது போதும். மூன்று தகடும் செத்துவிட்டன, பாட்டரிக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று குப்பம்மா பெட்டிக்குள்ளும் ஊற்றிவிட்டாள், அடியில் தேங்கின தண்ணீர் உச்சித் தகட்டுக்கு எட்டவில்லை, அது பிழைத்தது என்று முதலாளியிடம் அடித்துச் சொன்னான். கேட்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. பரந்தாமன் குப்பம்மாவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

அவளுக்குக் கூலி போவதைவிட, திரும்பவும் சேற்றில் குனிந்து எவனோ வரப்பில் நின்று அதட்டுவதைக் கேட்கவேண்டுமே என்பதுதான் தாங்கவில்லை. இந்த ஷெட்டில் அவள் நிமிர்ந்து நின்றவள். நிமிர்ந்தே போவது என்று முடிவு செய்து, துடைப்பத்தைச் சுவரில் சாத்தப் போனாள். போகிற வழியில் கண் மேஜைமேல் பட்டது. தகட்டின் சிவப்பு நுனியில் பாட்டரியின் சிவப்பு ஒயர் அப்படியே கிடந்தது.

தினமும் அந்தப் பெட்டியை மாட்டுகிறவள் அவள். அந்தச் சிவப்பு நுனி வழியாகக் கரண்ட் வெளியே வந்து பாட்டரியின் சிவப்புக்குள் போகும். சார்ஜ் போடும்போது சிவப்புக்குச் சிவப்பு சரி. இப்போதோ பாட்டரி வாங்கவில்லை, கொடுக்கிறது. அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

"மொதலாளி, நான் போறேன். போறதுக்கு முந்தி ஒரு தபா நான் பல்பை வெச்சிப் பாக்கறேன்" என்றாள்.

நான் பார்த்தது பத்தாதா என்று தேவராஜ் சிரித்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ சிவப்புக்குச் சிவப்பு வெச்சே, மேஸ்திரி. தகட்டுக்கு அது வெளிய வர்ற வாசல். வெளிய வர்ற வாசல்ல நின்னுகினு உள்ள தள்ளினா அது உடுமா? இந்தாண்டை வெச்சா எரியும், மாத்தி வெச்சா எரியாது. ரெண்டும் நடந்தாத்தான் தகடு நல்லது."

முதல் வரிசையை எடுத்தாள். பொட்டு இல்லாத நுனியில் சிவப்பு ஒயரை வைத்தாள். பல்ப் எரிந்தது, தகடு கொஞ்சம் விழுங்கிக்கொண்டதால் சற்று மங்கல், ஆனால் எரிந்தது. மாற்றி வைத்தாள். அணைந்தது. இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. பரந்தாமன் நாற்காலியிலிருந்து எழுந்து கிட்டே வந்துவிட்டார்.

நாலாவதை அவள் தொட்டபோது, அது நல்லதுதான், அதை நானே பார்த்தேன் என்று தேவராஜ் அவசரப்பட்டான். குப்பம்மா ஒரு பக்கம் வைத்தாள், பளிச்சென்று எரிந்தது. மாற்றி வைத்தாள். அப்போதும் பளிச்சென்று எரிந்தது.

"முன்னேயும் உடுது, பின்னேயும் உடுது. காவல் இல்லாத ஊடு மாதிரி கீது. கெட்டது இதான்" என்றாள்.

செத்தது என்று அவன் ஒதுக்கிய மூன்றும் நல்லவை. பிழைத்தது என்று எடுத்து வைத்த ஒன்றுதான் வெந்துபோனது. தண்ணீர் எட்டாத உச்சியில் இருந்த தகடு எப்படி வெந்தது என்று பரந்தாமன் கேட்டார். குப்பம்மா ஆணி அடித்த மாதிரி நின்றிருந்த தேவராஜைத் தாண்டிப் போய், பெட்டியின் மேலிருந்து காக்கிக் கோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். உள்பக்கத் துணியில், பெட்டித் துளைகளின் அளவிலேயே, வட்ட வட்டமாகப் பழுப்புக் கறை. அவர் முகர்ந்து பார்த்தார். முள்ளங்கி. காலையில் ஷெட்டை நிறைத்த, தகடு வெந்த நாற்றம்.

சூடு போகும் வழியை அடைத்தது யார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவேண்டியிருக்கவில்லை. பரந்தாமன் கோட்டை மேஜைமேல் போட்டுவிட்டு, தன் இடுப்பிலிருந்த சார்ஜர் பெட்டியின் சாவியைக் கழற்றிக் குப்பம்மாவிடம் கொடுத்தார். மன்னிப்பெல்லாம் அவருக்கு வராது. அவளும் எதிர்பார்க்கவில்லை, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இரண்டு நாளில் மெட்ராஸிலிருந்து வேறு தகடு வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டி பல வருஷம் ஓடியது. யார் தகடு சோதித்தாலும் பல்பை இரண்டு பக்கமும் மாற்றி வைத்துப் பார்ப்பது ஷெட்டின் இரண்டாவது சட்டமாயிற்று.

தகடு வந்த அன்று காலை தேவராஜ் நனைந்துகொண்டே வந்தான். கோட்டைக் கழற்றினான். பழக்கதோஷத்தில் கை பெட்டிப் பக்கம் நீண்டது. எதிர்ச் சுவரில் புதிதாக ஓர் ஆணி. அதன் தலையில் சிவப்புப் பெயிண்ட் ஒரு பொட்டு, இன்னும் காயவில்லை. குப்பம்மா தலை நிமிராமல் பாட்டரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவன் கோட்டைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினான்.