பிரிக்காமல் விட்ட பூப்பொட்டலம்

தாயை நம்பி வாழும் என் சொந்தங்களுக்கு வணக்கம். நீலசந்திராவில் இருந்து செல்வி எழுதுகிறேன். போன ஆடி மாதம் என் குடும்பத்தைக் காத்தவள் எங்கள் தெரு முத்துமாரி.

என் வீட்டுக்காரர் ஆடுகோடியில் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். தங்கமான மனுஷர். ஆனால் போனில் ரம்மி ஆடுவார். தோற்றால் கோபம் வரும். கோபம் வந்தால் குடிப்பார். குடித்தால் மறுபடி ரம்மி. சாப்பாட்டுத் தட்டு சுவரில் போய் விழும். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எங்கள் மகள் காவ்யா கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வருஷா வருஷம் ஆடியில் குடிக்கமாட்டேன் என்று சொல்லி அவர் காப்பு கட்டுவார். காப்பு கையில் இருக்கும் வரை ஒரு சொட்டு தொடமாட்டார். நானும் தாய் கேட்டுவிட்டாள் என்று சந்தோஷப்படுவேன். ஆனால் குடிக்காத அந்த நாட்களில்தான் ரம்மி இரண்டு மடங்காகும், கோபமும் கூடும். காப்பு அவிழ்த்த அன்றே பாட்டில் வந்துவிடும். குடிக்கு மட்டும்தானே வேண்டினோம் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அத்திபெலேயில் இருக்கும் என் அண்ணன், குழந்தையோடு வந்துவிடு என்றார். நானும் துணி எடுத்து வைத்துவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் தாயிடம் உத்தரவு கேட்டு, பூவைப் பொட்டலமாகக் கட்டிப் போட்டேன். வெள்ளைப் பூ வந்தால் இருப்பது, சிவப்பு வந்தால் போவது. காவ்யா எடுத்துக் கொடுத்தாள். பிரித்தால் வெள்ளை. பயமாக இருந்தது. மறுபடி போட்டேன். சிவப்பு. அழுகை வந்துவிட்டது. மூன்றாம் தரம் போட்டு, அவள் எடுத்துக் கொடுத்ததைக் கையில் வாங்கினேன்.

பின்னால் என் வீட்டுக்காரர் நிற்கிறார். எடுத்து வைத்த துணியைப் பார்த்துவிட்டுத் தேடி வந்திருக்கிறார்.

"ஏன் செல்வி, இன்னொரு ஆட்டம் இன்னொரு ஆட்டம்னு நான்தான் ஆடறேன்னு பார்த்தா, நீ ஆத்தாகிட்டயே ஆடறியா?"

பூசாரி சிரித்துவிட்டார். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. பொட்டலத்தை வாங்கித் தாயின் காலடியில் வைத்தார்.

"பிரிக்காத. எனக்குப் புத்தி சரியில்ல, செல்வி. நீ சொன்ன ஆஸ்பத்திரிக்கு வரேன். பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிடாத."

குடியை நிறுத்தும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எத்தனையோ தரம் நான் கெஞ்சியும் வராத வார்த்தை அது. தாய்தான் அவர் வாயில் வந்து சொன்னாள்.

திங்கட்கிழமை போனோம். கன்னடக்கார டாக்டர் அம்மா எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "குடி, ரம்மி, கோபம், மூணும் ஒரே வீட்டு ஆளுங்க, அம்மா. ஒண்ணை மட்டும் துரத்தினா, மத்த ரெண்டும் போய்க் கூட்டிட்டு வந்துடும்." குடியை நிறுத்தப் படுக்க வைத்து மருந்து கொடுத்தார்கள். ரம்மிக்கும் கோபத்துக்கும் உட்கார வைத்துப் பேசினார்கள். என்னையும் கூப்பிட்டுப் பேசினார்கள். போனில் அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டு, சம்பளத்தை என் கையில் கொடுக்க அவரே ஒத்துக்கொண்டார்.

லேசாக நடந்துவிடவில்லை. தீபாவளிக்கு ஒரு தரம் குடித்துவிட்டார். ஆனால் ஒளிக்காமல் வந்து சொன்னார். மறுநாளே டாக்டரிடம் போனோம். இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்போது கோபம் வந்தால், "செல்வி, சூடு ஏறுது" என்று சொல்லிவிட்டுத் தெருவைச் சுற்றப் போய்விடுவார். முகம் சிவந்தாலே காவ்யா முந்திக்கொள்கிறாள். "அப்பா, ஒரு ரவுண்டு போயிட்டு வா. வரும்போது கடலை வாங்கிட்டு வா." பாதிக் கோபம் அங்கேயே போய்விடுகிறது. செருப்புச் சத்தம் கேட்டால் இப்போது அவள் வாசலுக்கு ஓடுகிறாள், கடலைக்கு.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், தாயிடம் மூன்றையும் சொல்லி அழுங்கள். அழுத கண்ணோடு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். சாமியை நம்பாமல் போகிறோமே என்று கூசாதீர்கள். நாங்கள் போவதற்கு முன்னாலேயே என் தாய் அங்கே போய் எங்களுக்காகக் காத்திருந்தாள் என்றுதான் நான் நம்புகிறேன்.