பந்தை அணைத்துக்கொண்டு ஓடிய குகநேசன் அண்ணை

அப்பா சப்பாத்தைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தார். அதைத்தான் நான் முதலில் கண்டேன். அம்மா ஏச வாயெடுத்து, அவருடைய முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"குகன் போயிட்டான்" என்றார் அப்பா.

காலையில் கல்லூரிக்குச் சைக்கிளில் போன குகநேசன் அண்ணையை, பனியில் வழுக்கிய லொறி ஒன்று மோதியிருந்தது.

அவர் எங்களுக்கு உறவில்லை. இந்தப் பனிநாட்டில், பாடன் நகரில் எங்கள் வீட்டு மேல் அறையில் இரண்டு வருடம் இருந்து, உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். யாழ்ப்பாணத்தில் இருந்த அவருடைய அம்மாவுக்கு அவ்வளவுதான் தெரியும். கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்போல் அணிக்கு அவர்தான் நட்சத்திரம் என்பதை அவர் எழுதவேயில்லை.

"எலும்பு முறியும் எண்டு அம்மா சாப்பிடாமல் இருப்பா. சோதினை பாஸ் பண்ணினாப் பிறகு படத்தோடை எழுதுறன்" என்பார்.

ஊரில் அவர் விளையாடியது உதைபந்து. இங்கே முதல் நாள் கையில் கொடுத்த பந்தைப் பழக்கத்தில் உதைத்துவிட்டாராம். முட்டை வடிவப் பந்து கார் தரிப்பிடத்துக்குப் பறந்தது. அதை எடுக்க அவர் ஓடிய வேகத்தைப் பார்த்த அணித்தலைவர் மார்க்கோ, அன்றே அவரை 'றன்னிங் பாக்' ஆக்கினார். பந்தை வாங்கி நெஞ்சோடு அணைத்து, மறிப்பவர்களுக்குள் புகுந்து ஓடுவதே அந்த இடத்தின் வேலை.

முதல் ஆட்டத்துக்கு எங்கள் ஆட்கள் பத்துப் பேர் போனோம். அண்ணை பந்தோடு ஓட, ஐந்து பேர் அவர் மேல் விழுந்தார்கள்.

"எங்கடை பெடியனை அடிக்கிறாங்கள், ஓடி வாங்கோ!" என்று அப்பா கயிற்றைத் தாண்டினார். பின்னால் மற்ற ஆண்களும் ஓடினார்கள். நடுவர் விசில் ஊதினார்.

குகநேசன் அண்ணை அடியிலிருந்து சிரித்துக்கொண்டு எழும்பி அப்பாவிடம் சொன்னார்: "அண்ணை, இதுதான் விளையாட்டு. போய் இருங்கோ!"

"இதுவோ விளையாட்டு? ஊரிலை எண்டால் பொலிஸ் வந்திருக்கும்!"

எங்களால் அவருடைய அணிக்குப் பதினைந்து யார், அதாவது பதினைந்து கெஜம், பின்னால் போகும் தண்டனை. அடுத்த ஓட்டத்திலேயே அதை மீட்டு, மேலும் இருபது யார் போனார் அவர்.

நான் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, சலவைக்கூடத்தில் வேலைக்குப் போனவள். அதிகம் கதைக்கமாட்டேன். அண்ணை சாப்பாட்டு மேசையில் கரண்டிகளை அடுக்கி எனக்கு விளக்குவார்.

"இது நான். இந்த முள்ளுக்கரண்டியள் விழுத்த வாறாங்கள். எங்காலை போவன், சொல்லு பாப்பம்?"

நான் அந்தக் கரண்டியை ஒரு பக்கம் தள்ளுவேன்.

"ஐயோ பிள்ளை, அதிலை போனால் பல்லு போகும்!"

கடைசி ஆட்டம் கிண்ணத்துக்கானது. ஐந்து புள்ளி பின்னால் இருந்தோம். நேரம் முடிய ஒரே ஒரு ஓட்டம். மார்க்கோ பந்தைக் கொடுத்தார். இடப்பக்கம் சுவர் மாதிரி நின்றார்கள். அண்ணை அங்கே போவதுபோல் ஒரு அடி வைத்து, வலப்பக்கம் வெட்டினார். ஒருவன் சட்டையைப் பிடித்தான். சட்டையின் தோள்பகுதி கிழிந்து அவன் கையோடு போனது. இன்னொருவன் காலுக்குப் பாய்ந்தான்; அண்ணை அவனுக்கு மேலால் தாண்டினார். பிறகு முன்னால் புல்லைத் தவிர ஒன்றுமில்லை! நாற்பது யார்! உட்கார்ந்திருந்த வாங்கில் நான் ஏறி நின்றதே எனக்குத் தெரியாது. எல்லைக் கோட்டைக் கடந்து ஆறு புள்ளி எடுத்து, கிண்ணத்தை வென்ற பிறகும் அவர் நிற்கவில்லை. மார்க்கோ துரத்திப் போய்த்தான் பிடித்தார்.

செய்தி வந்த மூன்றாம் நாள் அவருடைய அம்மா ரெலிபோனில் வந்தார். அப்பா விபத்தைச் சொன்னார். அவர் அழுது ஓய்ந்து கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"தம்பி, என்ரை பிள்ளை அங்கை ஒருநாளாவது சந்தோசமா இருந்தவனோ?"

அப்பா ரிசீவரைக் காதிலிருந்து இறக்கினார். படிப்பு, குளிர், பாத்திரம் கழுவின வேலை, கடைசியில் லொறி. இவற்றோடு அந்த அம்மா ரெலிபோனை வைத்துவிடப் போகிறார்.

போய்வாருங்கள் அண்ணை. உங்கள் சோதனை முடியும் வரை இதை அம்மாவிடம் மறைத்துவைக்க என்னால் முடியவில்லை.

நான் அப்பாவின் கையிலிருந்து ரிசீவரை வாங்கினேன். "அம்மா, ஐஞ்சு புள்ளி பின்னாலை நிண்டவை..." என்று சொல்லத் தொடங்கினேன்.