பஸ்ஸில் அம்மாவின் பெயர் டீச்சர்

அக்காவின் கைபேசி மணி அடித்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. எடுப்பதற்கு முன் அவள் ஒருமுறை சுற்றும்முற்றும் பார்ப்பாள். அறையில் அவளும் நானும் மட்டும் இருந்தாலும் பார்ப்பாள். அந்தப் பார்வை அவள் கூடப் பிறந்ததல்ல. எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த வருடங்களில், உசிலம்பட்டி பஸ்ஸில் ஒட்டிக்கொண்டது.

அப்போது நாங்கள் ஆரப்பாளையத்தில் இருந்தோம். ஒருநாள் சாயங்காலம் திரும்பி வரும்போது அம்மா போன் செய்து எப்போதும்போல் சலாம் சொல்ல, அக்காவும் எப்போதும்போல் "வ அலைக்கும் ஸலாம்மா" என்றிருக்கிறாள். பின் இருக்கையில் மூன்று பேர். அவளைவிட வயதில் சின்னவர்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, ஆட்டுக்குட்டி கத்துவது மாதிரி இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஒருவன் வழியில் காலை நீட்டினான். ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். கண்டக்டர் அன்றைக்கு டிக்கெட் கிழிப்பதில் காட்டிய கவனம் மெச்சத்தக்கது. நான் பைக்கோடு நிறுத்தத்தில் காத்திருந்தேன். இறங்கி வந்தவள் பின்னால் உட்கார்ந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அறிவுரை கொட்டியது. டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார், ஜன்னலோரம் வேண்டாம், போனில் நீ இருக்கும் இடம் எங்களுக்குத் தெரிகிற மாதிரி வை, அவசர எண்ணை ஒரே தொடுதலில் போகிற மாதிரி மாற்று. எல்லாவற்றையும் செய்தாள். போலீசுக்குப் போகலாம் என்றேன். "பொம்பளப் புள்ள பேரு அங்க இங்க அடிபட வேணாம்ப்பா" என்று பெற்ற தகப்பனாக அத்தா முடித்துவிட்டார். பக்கத்து வீட்டு அம்மா, நல்ல மனுஷிதான், "ஒரு ஸ்டிக்கர் பொட்டு வச்சுக்கிட்டா ஒரு பயலும் கேக்க மாட்டான்ல?" என்றார். அது ஒன்றுக்கு மட்டும் அக்கா தலையாட்டவில்லை. எல்லோரும் அவளிடம்தான் பேசினார்கள். அந்த மூன்று பேரிடம் பேச ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசி ஏற்பாடு அவளே செய்தது. பஸ்ஸில் சலாம் கிடையாது. அம்மா கூப்பிட்டால் "சொல்லுங்க டீச்சர்" என்பாள். கேட்பவர்களுக்கு யாரோ உடன் வேலை பார்ப்பவர் என்று தோன்றும். முதலில் அம்மாவுக்குச் சிரிப்பு. "அஞ்சாப்பு தாண்டாதவளை டீச்சராக்கிப்புட்டா" என்று தெரு முழுக்கச் சொன்னாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. சலாம் சொல்லிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பாள். அங்கிருந்து "சொல்லுங்க டீச்சர்" வரும். மனசுக்குள் பதில் சொல்லிவிடுகிறேன் என்று அக்கா சமாதானம் சொன்னாள். "மனசுக்குள்ள சொன்னா என் காதுக்கு எப்படித்தா வரும்?" என்று அம்மா கேட்டாள்.

அந்தப் பையன்கள் பிறகும் ஒருநாள் ஏறினார்கள். அன்றைக்கு அக்காவோடு அவள் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் இருந்தார். செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். அவர்கள் வாயைத் திறந்ததும் அந்த டீச்சர் எழுந்து திரும்பினார். "டேய், எந்த ஊருடா நீங்க? யாரு மகன் நீ? சொல்லு, உங்க அப்பாகிட்ட நானே வாரேன்." அவ்வளவுதான். அந்தச் சாலையில் யார் மகன் என்று தெரிந்துவிட்டால் விஷயம் அவனுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மூவரும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் அப்போதுதான் வாய் முளைத்தது. காலம் கெட்டுப்போச்சு என்று ஆளாளுக்குப் பேசினார்கள்.

அக்கா இதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் கூடியது. ஒரு கேள்வி. அது பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த கேள்வி. முதல் நாளே யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும். அக்கா கேட்டிருக்க முடியாது. அந்தச் சாலையில் அவளுக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை, அவள் கேட்டால் "நீ யாரு கேக்க?" என்றுதான் வரும். அறிவியல் டீச்சர் அதன்பின் தினமும் அவளுக்கு இடம் பிடித்து வைத்தார். ஆனாலும் அக்கா சலாமைத் திரும்ப எடுக்கவில்லை. அந்த டீச்சர் வராத நாளும் உண்டே என்றாள்.

இப்போது அவளுக்கு மாறுதல் கிடைத்து, கல்யாணமாகித் திருநகரில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் பக்கம், ஸ்கூட்டியில் போய் வருகிறாள். அக்கம்பக்கத்தார் பலகாரம் கொடுத்து வாங்குகிறவர்கள். பயப்பட ஒன்றும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. என் வீட்டிலிருந்து அம்மா. அக்கா சுற்றும்முற்றும் பார்த்தாள். போய் முழங்கையால் தள்ளி ஜன்னல் கதவைச் சாத்தினாள். மாவுக் கை என்பதால் ஒலிபெருக்கியில் போட்டாள். அம்மாவின் சலாம் அறைக்குள் நன்றாகவே கேட்டது.

"சொல்லுங்க டீச்சர்" என்றாள் அக்கா. சொன்னதை அவள் கவனிக்கவே இல்லை. மாவைப் பிசைய ஆரம்பித்துவிட்டாள்.

அந்தப் பக்கத்திலிருந்து அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர் இல்லத்தா. அம்மா பேசுறேன்."