தோளில் தொடங்கிய கூரை

ரோஸ்மேரி பனியன் கம்பெனிக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பதினான்கு வருடம், தைத்து வருவதில் குறை பார்க்கும் செக்கிங் மேஜை முன்னால் நின்றே வேலை பார்த்ததில், கெண்டைக்கால் நரம்பு சுருண்டு புடைத்துவிட்டது. அதற்குப் பிறகு, கட்டிங்கில் விழும் பனியன் துணித் துண்டுகளை மூட்டையாக எடுத்துவந்து, வெள்ளை தனி, கலர் தனி என்று வீட்டில் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தாள். மண்ணரையில் அவர்கள் இருந்தது ஆறு வீட்டு லைனில் கடைசி வீடு. ஒரே அறை. மூட்டைகள் அறையை அடைத்து, எல்லாரும் புழங்கும் நடைக்கும் வந்துவிட்டன.

2006 ஆவணியில் வீட்டுக்காரம்மா பூவாத்தாள் வந்து நின்றார். குரலை உயர்த்தத் தெரியாதவர்.

"தப்பா நெனைக்காத கண்ணு. தீவாளிக்குள்ள நடையக் காலி பண்ணிருங்க. முடியலீன்னா வேற ஊடு பாத்துக்கங்க."

பின்பக்கம் சும்மா கிடக்கும் இடத்தில் வேண்டுமானால் ஒரு கொட்டாய் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மூட்டையோடு வருகிறவர்களுக்கு அந்தப் பக்கம் யாரும் வீடு தர மாட்டார்கள்.

புருஷன் சகாயராஜ் டெய்லர். தினமும் ஒன்றரை ஷிப்ட். மிஞ்சுவது ஞாயிறு ஒன்றுதான். முதல் ஞாயிறு பூசைக்குப் போகாமல் கொட்டாய்க்குக் குழி தோண்டினார்கள். ஒரு முழத்துக்குக் கீழே பாறை. இரண்டு குழிக்கே பொழுது போய்விட்டது. அடுத்த ஞாயிறு மிச்சக் குழிகளையும் தோண்டிச் சவுக்குக் கால் நட்டார்கள். மூன்றாம் ஞாயிறு அவன் எழுந்திருக்கவே இல்லை. எழுப்ப மனமில்லாமல், உடைந்த செங்கல்லைத் தரையில் அவள் தனியாக அடுக்கினாள். பூசை முடிந்து வந்த, அவர்கள் ஊர்ப்பக்கத்து வள்ளியூர்க்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, "கோயில்ல ஆளக் காணோமேன்னு பாத்தா, இங்க தனியாக் கோயில் கட்டுதியளாக்கும்" என்றாள். ரோஸ்மேரி சிரித்துவைத்தாள். அவளுக்குப் பதில் பேச வராது.

மழையும் வேலையுமாக நாலைந்து ஞாயிறு வீணாகி, தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போதுதான் கூரைக்கு வந்தார்கள். பழைய தகரம், இரண்டு வரிசை. சகாயராஜ் உயரமான பக்கத்தில் ஆரம்பித்தான். பனியன் தைத்த கை. முதலில் தோளைக் கூட்டித் தைத்துவிட்டுத்தானே கீழே இறங்கும். மேல் வரிசையை அடித்து முடித்து, கீழ் வரிசையை அதன்மேல் ஏற்றி வைத்து ஆணி அடித்தான்.

தகரம் எடுத்துக் கொடுத்த ரோஸ்மேரியின் கண்ணை அது உறுத்தியது. கம்பெனியில் என்றால் குறை தெரிந்த இடத்தில் ஒரு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவாள். வாய் திறக்க வேண்டிய வேலையே இல்லை. இங்கே ஏணியில் நின்றவன் ஆணிக்கு ஒருதரம் தகரத்தில் சாய்ந்து மூச்சு வாங்கினான். அடுத்த தகரத்தை எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கே மூட்டைகளை உள்ளே அடுக்கினார்கள்.

புதன்கிழமை மழை பிடித்தது. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, தகரம் சேரும் இடம் நெடுகிலும் தண்ணீர் உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. சிவப்புத் துண்டின் சாயம் வெள்ளை மூட்டையில் இறங்கிவிட்டது. ஒவ்வொன்றாகத் திரும்பவும் நடைக்கே இழுத்தாள். பூவாத்தாள் குடை பிடித்தபடி பார்த்தார்.

கரன்ட் போனதால் சகாயராஜ் மத்தியானமே வந்துவிட்டான். கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"கீழ்த் தகரம் அடியில போயிருக்கணும்" என்றாள்.

"எப்பப் பாத்த?"

"கீழ் வரிசைக்கு மொத ஆணி அடிக்கும்போதே."

"ஏட்டி, அப்பவே சொல்லியிருக்கலாம்லா."

"நீங்க நிக்க முடியாம நின்னிய."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுத்தியலை எடுத்தான். தூறலிலேயே ஆணிகளைப் பிடுங்கினார்கள். இந்தத் தடவை அவள் தள்ளி நின்று, "இன்னும் ஒரு சாண் உள்ள", "அது போதும், இது கோணல்" என்று ஒவ்வொரு தகரத்துக்கும் சொன்னாள். அவள் சொன்னபடி அவன் செருகினான். இருட்டுமுன் முடிந்தது.

மறுநாளும் மழை. ரோஸ்மேரி கொட்டாய்க்குள் நின்று மேலே பார்த்தாள். செங்கல் தரையைக் கையால் தடவினாள். ஈரமில்லை. சாயம் பிடித்த வெள்ளையைக் கலரோடு சேர்த்துக் கட்டி, எல்லா மூட்டையையும் உள்ளே அடுக்கி முடிக்க பொழுது சாய்ந்துவிட்டது. பிறகு பூவாத்தாள் வீட்டு வாசலில் போய் நின்று, நடை காலியாகிவிட்டது என்று அவளாகவே சொன்னாள்.

பூவாத்தாள் வந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"நல்லாக் கழுவி உட்டுரு கண்ணு. தீவாளிக்கு உங்க வாசலுக்கும் சேத்துக் கோலம் போடச் சொல்றேன்."

ரோஸ்மேரி தலையாட்டினாள். அவர் போனதும் சுவரில் சாய்ந்து, ஒரு காலை மாற்றி மறு காலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விளக்குமாற்றை எடுத்துவரப் போனாள்.